பதினோராவது மடை

அலங்காநல்லூர்
ஏப்ரல் 9

பவதாரிணிக்கு,

இங்கு நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். என் போனை எடுப்பதில்லை என்று நீ முடிவெடுத்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. எடுத்தாலும் நாம் பேசப் போவதில்லை, கத்தத்தான் போகிறோம். அதனால் தபாலாபீசில் கவர் வாங்கி எழுதுகிறேன். கவர் கேட்டதும் அங்கிருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தது. "யாருக்குத் தம்பி, கோர்ட்டுக்கா?" என்றது. பொண்டாட்டிக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இது நானாக எழுதும் கடிதம் இல்லை. பாசன சங்கத்தில் எழுதச் சொன்னார்கள். ஜூனில் தண்ணீர் திறப்பதற்குள் வாய்க்காலுக்குப் புதுப் பெட்டி வேண்டுமாம். தலைவர் சின்னச்சாமி நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். "ஒம் பொண்டாட்டி செஞ்ச பெட்டி ஏழு மாசம் சண்ட சச்சரவு இல்லாம மடையத் தெறந்து மூடி தண்ணி முறைய ஓட்டுச்சுய்யா. நீதான அத ஒடச்ச? நீயே கேட்டு வாங்கிக் குடு" என்றார். "அது ஒழுங்கா ஓடுனதுனாலதான ஒடச்சேன்" என்றேன். அவருக்கு அது புரியவில்லை.

உனக்குப் புரியும். ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் எனக்கு ஆறாது. நம் வாய்க்காலில் பதினோரு மடை. நம்முடையது கடைசி. ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால் யார் முறை ஓடினாலும் அதை நிறுத்தி, அந்த வீட்டு வயலுக்குத்தான் முதல் தண்ணீர். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அந்த வீட்டு ஆள் மண்வெட்டியைத் தொடக்கூடாது. பக்கத்து வயல்காரர்கள் பாய்ச்சிக் கொடுப்பார்கள். இது இங்கே பிறந்த எல்லாருக்கும் தெரியும். ஜனவரி 28 அப்பா போனார். நெல் பால் பிடிக்கிற நேரம். நம் முறைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. உன் பெட்டி யாருக்காகவும் நிற்காமல் அதன் பாட்டுக்கு ஒவ்வொரு மடையாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஆறாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது வயல் பாதி கருகிக் கிடந்தது. மண்வெட்டியை எடுத்துப் பெட்டியை உடைத்தேன். ஊருக்குப் பெட்டி உடைந்தது பெரிதில்லை, கருமாதிக்கு முன்னால் மொக்கைச்சாமி மகன் மண்வெட்டியைத் தொட்டுவிட்டான் என்பதுதான் பேச்சு.

அன்று மாலையே உடைந்த பெட்டியை வயர் கூடையில் வைத்துக்கொண்டு உன் ஆபீஸ் இருக்கும் ஒத்தக்கடைக்குப் பஸ் ஏறிவிட்டாய். எல்லார் முன்னாலும் உன்னை நான் திட்டியது உண்மைதான். ஆனால் சொன்னது பொய்யா? அதை மட்டும் சொல்.

புதுப் பெட்டி செய்து தர முடியுமா, முடியாதா என்றும் எழுதவும். சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம்.

முத்துக்குமரன்

*

ஒத்தக்கடை
ஏப்ரல் 17

முத்துக்குமரன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கோர்ட்டுக்கு என்று சொல்லித்தானே கவர் வாங்கினீர்கள், நானும் கோர்ட்டில் பேசுவது மாதிரியே பேசுகிறேன்.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சிப் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அதன் ஞாபகத்தில் நம் கல்யாணப் பத்திரிகையைக்கூட முழுதாக எழுத முடியாது. பதினோரு வயல், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பரப்பு, அதற்கேற்ற மணி நேரம் என்று வயலில் உட்கார்ந்து கணக்குப் போட அதற்குத் திராணி இல்லை. அதனால் எல்லாக் கணக்கையும் என் மேசையிலேயே, புரோகிராமைச் சிப்புக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றும்போதே, கம்பைல் என்போமே, அப்போதே முடித்துவிட்டேன். சி பிளஸ் பிளஸ்ஸில் அதற்கு டெம்ப்ளேட் என்று ஒன்று இருக்கிறது. முறுக்கு அச்சு மாதிரி. எந்த எண்ணை உள்ளே கொடுக்கிறோமோ அதற்கான புரோகிராமை அதுவே பிழிந்து தரும்.

பதினோராவது மடைக்கு எப்போது தண்ணீர் என்று அதைக் கேட்டேன். பத்தாவது மடை மூடும்போது என்று சொல்லிவிட்டு, பத்தாவது எப்போது மூடும் என்று கேட்க அது மேலே போனது. பத்து ஒன்பதைக் கேட்டது. ஒன்பது எட்டைக் கேட்டது. இப்படி வாய்க்காலில் ஏறி ஏறிப் போய் முதல் மடையில் நின்றது. முதல் மடை யாரையும் கேட்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி என்று அதற்கு மட்டும் நான் கையால் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு மடையாகக் கீழே இறங்கி வந்தது, தண்ணீர் வருகிற மாதிரியே. எனக்கு அது பார்க்க எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அத்தனையும் நடக்கும்போது எங்கேயும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், ஜன்னலில் யானைமலை படுத்திருக்கும், அவ்வளவுதான். பெட்டி வயலுக்கு வரும்போது அதற்குள் விடைகள் மட்டும்தான் இருந்தன, கேள்விகள் எல்லாம் என் மேசையிலேயே தங்கிவிட்டன.

அப்படித்தான் வேண்டும் என்று கேட்டது உங்கள் சங்கம். தலைவர் மகனே வந்தாலும் மாற்ற முடியாத பெட்டி வேண்டும் என்றார்கள். மடைகளைக் கையால் திறக்க முடியாதபடி இரும்புப் பலகை அடித்துப் பூட்டியது நீங்கள். மாமா இறந்த துட்டி வீட்டில் நான் அடுப்படியில் பெண்களோடு இருந்தேன். தண்ணீர் பற்றி ஒருவர்கூட என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள். நீங்கள் மண்வெட்டியோடு ஓடியபோதுதான் எனக்கே தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் மே மாதம் இருபத்திரண்டு கேள்விகள் எழுதி உங்களிடம் ஒரு நோட்டுக் கொடுத்தேன். பதினான்காவது கேள்வி: "இந்த முறை எந்தக் காரணத்துக்காகவாவது மாறுவது உண்டா?" உங்கள் கையெழுத்தில் பதில்: "இல்லை." நீல மை. அடியில் ஒரு கோடும் போட்டிருக்கிறீர்கள்.

"ஒன் கணக்கு எங்கப்பன் வயலக் கருக்கிருச்சு" என்று வாய்க்கால் கரையில் அத்தனை பேர் முன்னால் நீங்கள் கத்தியபோது அந்த நோட்டு வீட்டில் என் பையில் இருந்தது. எடுத்து வந்து காட்டியிருக்கலாம். அப்பாவைப் பறிகொடுத்து நிற்கிறவரிடம் நோட்டைக் காட்டி ஜெயித்து என்ன செய்ய என்று தோன்றியது. பஸ்ஸில் வரும்போதுதான் அழுகை வந்தது.

ஏன் இல்லை என்று எழுதினீர்கள்? இது ஒன்றுக்குப் பதில் வரட்டும். பெட்டி செய்வதா என்பதையும், நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வருவதா என்பதையும் அப்புறம் யோசிக்கிறேன்.

அத்தைக்கு முழங்காலில் சூடாக ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

பவதாரிணி

*

அலங்காநல்லூர்
மே 1

பவதாரிணிக்கு,

பதில் எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகப் பத்து நாள் ஓட்டிவிட்டேன். மோட்டார் ரிப்பேர் வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். வெயிலில் எவன் மோட்டார் ஓட்டுகிறான், கிணறெல்லாம் தரை தட்டிக் கிடக்கிறது.

நேற்று மத்தியானம் நம் மடைப் பக்கம் வாய்க்காலுக்குள் இறங்கினேன். ஒரு ஆள் இல்லை. வண்டல் வெடித்து ஓடு ஓடாகக் கிடந்தது. நீ எழுதியிருந்தாயே, அது மாதிரி மேலே நடந்து பார்ப்போம் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். பத்தாவது மடையில் நின்றேன், ஏன் இல்லைன்னு எழுதுன என்று என்னையே கேட்டேன். அவசரத்தில் எழுதினேன் என்று பதில் வந்தது. அது பொய் என்று எனக்கே தெரிந்தது. ஒன்பதாவதுக்குப் போனேன். உனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன் என்று வந்தது. அதுவும் பொய். கானலில் தூரத்து அழகர்மலை தண்ணீருக்குள் நிற்பது போல ஆடிக்கொண்டிருந்தது. காலுக்கடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, குனிந்து பார்த்தால் புழுதி. முதல் மடைக்குப் போய்ச் சேர்ந்து அந்தக் கல்லில் உட்கார்ந்த பிறகுதான் உண்மைப் பதில் வந்தது.

நீ நோட்டுக் கொடுத்தபோது அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? வெளியே பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதினேன். பதிமூன்று கேள்விக்குக் கடகடவென்று எழுதிவிட்டேன். பதினான்கு. மாறுவது உண்டா. உண்டு, ஒரே ஒரு காரணத்துக்கு உண்டு. அந்தக் காரணம் கதவுக்கு அந்தப் பக்கம் மூக்கில் குழாயோடு படுத்திருந்தது. எழுதினால் நடந்துவிடும் என்று பயமாக இருந்தது. வெறுமனே விட்டால் நீ ஏன் என்று கேட்பாய், வாய்விட்டுச் சொல்ல வேண்டி வரும். அதனால் இல்லை என்று எழுதினேன். அடியில் கோடும் போட்டேன். கோடு போட்டால் நடக்காது என்று நினைத்தேன். டிப்ளமோ படித்தவன் நினைக்கிற நினைப்பா இது?

அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்ததும் அதை மறந்தேபோனேன். ஆறாம் நாள் கருகிய வயலைப் பார்த்தபோது முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கோடுதான். அதனால்தான் அத்தனை வெறி. என் மேல் இருந்த கோபத்தை உன் மேல் கொட்டினேன். மன்னித்துவிடு பவா. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இன்னொன்று. காசிமாயன் அண்ணனோடும் நான் பேசுவதில்லை. பத்தாவது வயல் அவருடையது. மணல் பாங்கான நம் வயல் காய்ந்துகொண்டிருக்க, களிமண் பிடித்த அவர் வயலில் தண்ணீர் தளும்பி நின்றது. பந்தலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்த் தன் வயலைப் பார்த்துக்கொண்டார் என்று நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. நம் வயலில் கிழக்குப் பக்கம் மட்டும் எப்படியோ விளைந்துவிட்டது. தை மாசப் பனி காப்பாற்றியது என்று அம்மா சொல்கிறது.

முத்துக்குமரன்

*

ஒத்தக்கடை
மே 9

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். அறைத்தோழி கனகா பார்த்துவிட்டு, "என்னக்கா, அழுறியா?" என்றாள். ஃபேன் காத்து கண்ணுல அடிக்குது என்றேன். நீங்கள் அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தபோது நான் ஆபீசில் உட்கார்ந்து, இந்த மனுஷன் ஏன் இன்னும் நோட்டைத் தரவில்லை என்று இரண்டு முறை போன் போட்டேன். அது இப்போது உறுத்துகிறது. கேள்வியைக் கேட்ட நான், யாரிடம் எந்த நேரத்தில் கேட்கிறேன் என்று பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். யானைமலை எழுந்து நடந்து வந்து நம் வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிறது. வாய்க்கால் நெடுக மடைகள் ஒன்றையொன்று கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கின்றன, எப்போ, எப்போ என்று. முதல் மடைக் கல்லில் மாமா துண்டை விரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "வெள்ளிக்கெழம காலைல ஆறு மணித்தா, இத எம்புட்டுத் தடவ சொல்றது" என்று சிரிக்கிறார். விழித்த பிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் அறையிலேயே இருந்தது. அவர் போன பிறகு நான் மாமாவுக்காக அழவே இல்லை. சண்டை அதற்கு இடம் விடவில்லை.

எழுந்ததும் வயர் கூடையிலிருந்து பெட்டியை எடுத்தேன். மூன்று மாதமாக அதைத் தொடவில்லை. நன்றாகத்தான் வெட்டியிருக்கிறீர்கள், ஒரு பக்கம் மூடியே இல்லை. ஆனால் மெமரி கார்டு பிழைத்துக் கிடந்தது. ஒவ்வொரு வயலிலும் ஒரு மிதவை வைத்தோமே, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் உயரத்தை எழுதி வைக்க. கடைசி நாள்வரை எழுதியிருக்கிறது.

நன்றாகக் கவனியுங்கள். ஜனவரி 30, மாமா போன மூன்றாம் நாள். காலை பதினொன்று இருபதுக்கு நம் வயலில் தண்ணீர் ஏறத் தொடங்குகிறது. நம் மடை மூடியிருக்கிறது. மழை கிடையாது. மத்தியானம் மூன்று மணிவரை நிதானமாக ஏறுகிறது, இரண்டு அங்குலம். அதே நேரத்தில், அதே வேகத்தில், பத்தாவது வயலில் தண்ணீர் இறங்குகிறது. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். அதற்கும் மறுநாள், ஆறாம் நாள், உங்கள் மண்வெட்டி.

என் கணக்கில் இது நடக்க வழியே இல்லை. தப்பு இருக்குமோ என்று மறுபடி மறுபடி பார்த்தேன், மிதவை சரியாகத்தான் இருக்கிறது. தண்ணீர் தானாக வரப்பேறிக் குதிக்காது. தை மாசப் பனி மூன்று நாள் சரியாகப் பதினொன்று இருபதுக்குப் பெய்யாது.

காசிமாயன் அண்ணனிடம் போய்க் கேளுங்கள். முறைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

பவா

*

அலங்காநல்லூர்
மே 19

பவாவுக்கு,

உன் கடிதம் வந்ததும் போகவில்லை. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பட்டும், அப்புறம் போகலாம் என்று தள்ளிப் போட்டேன். பயம்தான். நேற்று காலை போனேன்.

காசிமாயன் அண்ணன் கிணற்றடியில் காளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை ஒரு நொடி நின்றது, பிறகு தேய்க்க ஆரம்பித்துவிட்டார். நான், "அண்ணே, அப்பா செத்த மூணாம் நாளு எங்க வயலுக்குத் தண்ணி எப்படி வந்துச்சு?" என்றேன்.

"எம்புட்டு நாள் கழிச்சு வந்து கேக்குற" என்றார், காளையைப் பார்த்தபடியே.

"நீங்களாண்ணே?"

"வரப்ப வெட்டிவிட்டேன். ஒங்க மடையத்தேன் தெறக்க முடியாதே, இரும்ப அடிச்சு வச்சிருக்கியே. எங்க வயல்ல நின்ன தண்ணிய அப்படியே ஒங்க வயலுக்குத் தள்ளிவிட்டேன். மேக்குப் பக்கம் மேடு, அங்குட்டு ஏறல. அம்புட்டுத்தேன் முடிஞ்சுது."

"ஏண்ணே சொல்லல?"

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். "துட்டி வீட்டுல வந்து, ஒனக்குத் தண்ணி விட்டேன்னு எவனாச்சும் சொல்லுவானாடா? வேற என்ன செய்யச் சொல்ற என்னைய? பெட்டிக்குத் தெரியாது, எனக்குமா தெரியாது?"

பவா, மூன்றரை மாதமாக இந்த மனுஷன் எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன். "அப்பன் போன கோவம், சரியாயிரும்னு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு ஒரு வாளியை என் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் சேர்ந்து காளையைக் குளிப்பாட்டினோம். என் முகத்தில் வழிந்தது எந்தத் தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

நம் வயல் பக்கத்து வரப்பில் போய்ப் பார்த்தேன். வெட்டி மறுபடி கட்டிய இடம் இன்னும் தெரிகிறது. புது மண் வேறு நிறம். அத்தனை நாளும் அதன் மேல்தான் நடந்திருக்கிறேன்.

நீ ஒத்தக்கடையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்டுபிடித்துவிட்டாய். நான் பக்கத்திலேயே இருந்து பார்க்கவில்லை. உன்னை வரச் சொல்லி எழுதப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "வரச் சொல்லாத. வாரியான்னு கேளு" என்றது. சரியாகத்தான் சொல்கிறது. நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. சாயங்காலமானால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கிறது, எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன்.

வருவாயா?

முத்து

*

ஒத்தக்கடை
ஜூன் 2

என் அன்புக்கு,

உங்கள் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பெட்டி.

புதுப் பெட்டி செய்கிறேன். அதே சிப், அதே சின்ன ஞாபகம். சாவு விழுந்தால் முறையை எப்படி மாற்றுவது என்று வயலில் வைத்துக் கணக்குப் போட இப்போதும் அதனால் முடியாது. அதனால் அதையும் முன்கூட்டியே போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். முதல் வீட்டில் சாவு என்றால் ஒரு அட்டவணை, இரண்டாம் வீடு என்றால் இன்னொன்று, இப்படிப் பதினொன்று. டெம்ப்ளேட்டுக்கு வீட்டு எண்ணை மட்டும் கொடுத்தால் போதும், பதினாறு நாளுக்கும் யார் யார் முறை எவ்வளவு தள்ளிப் போகும் என்று அதுவே மேலே ஏறிக் கேட்டு, கீழே இறங்கிச் சொல்லிவிடும்.

ரெங்கம்மாள் அக்கா வீடு, தலைவர் வீடு என்று பத்து வரைக்கும் வேகமாகப் போனேன். பதினொன்று என்று அடிக்க வந்ததும் கை நின்றுவிட்டது. அந்த வீட்டில் இருப்பது அத்தை. நீங்கள். விரல் விசையின் மேலேயே இருக்கிறது, அழுத்த முடியவில்லை. அழுத்தினால் ஏதாவது ஆகிவிடும் போலிருந்தது. உங்கள் பெஞ்சு எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. எழுந்து போய் ஜன்னலில் நின்றேன். மழைக்கு முந்திய வெளிச்சம், யானைமலை மூச்சு விடுவது போல இருந்தது. அரை மணி நேரம் ஆகியிருக்கும். காசிமாயன் அண்ணன் வரப்பை வெட்டிய இடம், நீங்கள் எழுதிய அந்தப் புது மண் நிறம், அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதி வைப்பதால் யாரும் சாவதில்லை. அப்படி ஒரு நாள் வந்தால் நம் வயலில் இன்னொருவர் கை இருக்கும், அதற்குத்தான் எழுதுகிறோம். வந்து உட்கார்ந்து பதினொன்று என்று அடித்தேன்.

இனி பெட்டிக்கு வெளியே பூட்டு இருக்கும். பதினோரு வீட்டுக்கும் ஆளுக்கொரு சாவி. சாவு வீட்டுக்காரர்கள் தொட வேண்டாம், அதுதானே வழக்கம். பக்கத்து வயல்கள் இரண்டின் சாவியும் சேர்ந்து திரும்பினால் அந்த வீட்டு அட்டவணை ஓடும். நமக்கு ஒன்று என்றால் பத்தாவது வீடும் ஒன்பதாவது வீடும். காசிமாயன் அண்ணன் வீட்டில் ஒன்று என்றால் ஒன்பதாவது வீடும் நாமும்.

இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறேன். டெம்ப்ளேட் கணக்குப் போடும்போதே நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க வைக்கலாம். சரியான பதில் இல்லையென்றால் கம்பைலே ஆகாது, பெட்டி பிறக்கவே பிறக்காது. இரண்டு கேள்வி வைத்தேன். நாளைக்கு நான் இல்லாமல் வேறு ஊர்ப் பிள்ளை யாராவது இந்தப் புரோகிராமைத் தொட்டு, சாவு வீட்டு அட்டவணையை விட்டுவிட்டால், திரையில் இப்படி வரும்: "இந்த வாய்க்காலில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தண்ணீர் யாருக்கு? ஊரில் கேட்டு எழுதவும்." இரண்டாவது, ஒவ்வொரு சாவியும் இருக்கும் இடத்திலிருந்து மடைக்கு வர எத்தனை நிமிடம் என்று கேட்கும். அறுபதுக்கு மேல் என்றால் மறுத்துவிடும். தண்ணீர் அதற்குள் அடுத்த வயலுக்குப் போய்விடும் இல்லையா?

வருவாயா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் முன்னாடியே முடிவு பண்ணி வைக்கிறவள் என்று என்னை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். இதை மட்டும் என்னால் மேசையில் உட்கார்ந்து முடிவு பண்ண முடியவில்லை. உங்கள் மேல் கோபம் போய்விட்டது. அந்தக் கரையில், அதே ஆட்கள் முன்னால் மறுபடி நிற்க வேண்டும் என்று நினைத்தால்தான் கால் பின்வாங்குகிறது.

பவா

*

அலங்காநல்லூர்
ஜூன் 9

பவாவுக்கு,

சங்கக் கூட்டத்தில் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், கடைசிப் பத்தியை விட்டுவிட்டு. பதினோரு வீட்டுக்கும் சாவுக் கணக்குப் போட்டாயிற்று என்றதும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ரெங்கம்மாள் அக்காதான் முதலில் வாயைத் திறந்தது. "என் வீட்டுக்கும் போட்டுட்டாளா? நல்ல வேள, என்னைய விட்டுட்டாளோன்னு பாத்தேன்" என்றது. அப்புறம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

சிரிப்பு அடங்கியதும் நான் எழுந்து நின்றேன். அன்று நீ யாரிடமும் சொல்லாமல் விட்ட நோட்டு விஷயத்தைச் சொன்னேன். "அவ கேட்டா. முறை மாறுமான்னு நோட்டுல எழுதியே கேட்டா. நாந்தேன் மாறாதுன்னு எழுதிக் குடுத்தேன். அன்னைக்கு அவளச் சொன்னதெல்லாம் என் தப்பு" என்றேன். சின்னச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாங்க மட்டும் சொன்னமாக்கும்? அம்புட்டுப் பேருக்கும் தெரியும், ஒருத்தனும் அந்தப் புள்ளகிட்டச் சொல்லலயே" என்றார். காசிமாயன் அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

இதை உன்னை வரவழைக்கச் சொல்லவில்லை. அந்தக் கரையில்தான் உன்னைத் திட்டினேன், அந்த ஆட்களிடம்தான் திருப்பிச் சொல்ல வேண்டும், அதனால் சொன்னேன்.

18ஆம் தேதி புதன்கிழமை தண்ணீர் வருகிறது என்கிறார்கள். பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள்கிறேன். மடைகளுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். மண்வெட்டியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவேன், பயப்படாதே.

ஒரு சந்தேகம். நம் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது? நான் மோட்டார் வேலை என்று நாலு ஊருக்குப் போய்விடுகிறேன். அம்மா எதை எங்கே வைத்தோம் என்று நாளெல்லாம் தேடும். நீயே யோசித்துச் சொல்.

முத்து

*

ஒத்தக்கடை
ஜூன் 13

என்னங்க,

பெட்டி தயார், ஒரு இடத்தில் மட்டும் சிக்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கூட்டத்தில் நீங்கள் எழுந்து நின்றதைப் படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன். கனகா டீ போட்டு வைத்திருந்தாள்.

இன்று காலை கடைசியாகக் கம்பைல் செய்ய உட்கார்ந்தேன். பத்து வீட்டுச் சாவிக்கும் நிமிடக் கணக்கைக் கொடுத்தேன். ரெங்கம்மாள் அக்கா வீடு பதினைந்து நிமிடம், காசிமாயன் அண்ணன் வீடு எட்டு நிமிடம். பதினோராவது சாவிக்குத்தான் யோசனை. நீங்கள் வெளியே போய்விடுவீர்கள், அத்தை தொலைத்துவிடும். நானே வைத்துக்கொள்கிறேன் என்று என் பெயரைப் போட்டேன். சாவி இருக்கும் இடத்திலிருந்து மடைக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டது. ஒத்தக்கடையில் பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் மாறி, அலங்காநல்லூரில் இறங்கி நடக்க வேண்டும். நூற்றைந்து நிமிடம் என்று உண்மையைக் கொடுத்தேன்.

கம்பைல் ஆகவில்லை. நானே வைத்த கேள்வி, என்னையே மறித்துக்கொண்டு நிற்கிறது. அறுபது என்பதை நூற்றிருபது ஆக்கினால் ஓடிவிடும், ஒரு எண்தான். மாற்றக் கையைக் கொண்டு போனேன். காசிமாயன் அண்ணன் வயலுக்கு ஒரு நாள் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதமாக வந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை.

நூற்றைந்தை அழித்துவிட்டு, நம் வீட்டிலிருந்து நடந்து போக ஆறு நிமிடம் என்று போட்டேன். உடனே ஆகிவிட்டது.

பெட்டியைப் பஸ்ஸில் ஏற்ற வேண்டாம். நானே கொண்டு வாரேன், செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஸ்டாண்டில் நில்லுங்க.

உங்கள்
பவா